சுவர் ஊறியது யார் காலத்தில்?

கொழும்பு வெள்ளவத்தையில் வாடகை வீட்டை விட்டுப் போகிறவரும் வீட்டுக்காரரும் பெரிய விஷயத்துக்காகச் சண்டை பிடித்து நான் கண்டதில்லை. கதவைக் கழற்றிக்கொண்டு ஓடுகிறவர் யாரும் இல்லை. சண்டை வருவது ஏசிக்குக் கீழே சுவரில் வழிந்து காய்ந்த மண்ணிறக் கோட்டுக்கும், பாத்ரூம் கதவின் அடியில் உப்பிப்போன பலகைக்கும்தான். "நாங்கள் தரேக்கை இது இப்படி இருக்கேல்லை" என்பார் ஒருவர். "நாங்கள் வரேக்கையே இப்படித்தான் கிடந்தது" என்பார் மற்றவர். இரண்டு பேரும் மனதறிந்து பொய் சொல்வதில்லை. வீட்டுக்காரரின் நினைவில் அந்த வீடு புதுப் பெயின்ற் அடித்த நாளிலேயே நிற்கிறது. குடியிருந்தவருக்கோ, தினமும் பார்த்துப் பழகிய கறை எந்த மாதத்தில் வந்தது என்று சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது.

இடையில் மாட்டிக்கொள்வது அட்வான்ஸ் காசு. கொழும்பில் ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கேட்பது சாதாரணம். ஒரு வருடக் காசை மொத்தமாக மேசையில் வைக்கச் சொல்கிறவர்களும் உண்டு. அதில் ஒரு பகுதி மாதாமாதம் கழிந்துபோகும்; மிச்சம் கடைசி நாள் வரை வைப்பாக நிற்கும். அந்த மிச்சத்தில்தான் 'திருத்தச் செலவு' என்று ஒற்றை வரியில் ஒரு தொகை வெட்டப்படும். எதைத் திருத்த, எந்த மேசன் பாஸ் வந்து பார்த்தார், என்ன விலை சொன்னார் என்று கேட்டால் பதில் வராது. கேட்டவருக்கும் அடுத்த வீட்டுக்குச் சாமான் ஏற்ற லொறி வாசலில் நிற்கும். "சரி, விடுங்கோ" என்று போய்விடுவார்.

நான் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் உரிமைக்கோரல் பிரிவில் வேலை செய்கிறேன். நசுங்கிய பம்பர், வெள்ளம் புகுந்த கடை, எரிந்த வயரிங் என்று நாள் முழுக்கப் படம் பார்ப்பதுதான் பிழைப்பு. போன் எவ்வளவு விலை என்பதில் படத்தின் பெறுமதி இல்லை என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். மேசைக்கு வரும் படத்திடம் நாங்கள் கேட்பது சில கேள்விகள்தான். இது எந்த இடம்? எப்போது எடுத்தது? எவ்வளவு பெரிய சேதம்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாத படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பிரயோசனமில்லை. வாடகை வீட்டுக்கு நான்காவதாக ஒரு கேள்வி உண்டு, மற்ற மூன்றையும்விட அதுதான் முக்கியம்: மற்றப் பக்கத்தவர் இந்தப் படத்தை அன்றைக்கே பார்த்தாரா?

ஏனென்றால், குடிபுகும் நாளில் போனில் படம் எடுக்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். எடுத்துவிட்டுத் தங்கள் போனிலேயே வைத்திருப்பார்கள். வெளியேறும் நாளில் அதைத் தூக்கிக் காட்டினால் வீட்டுக்காரர் கேட்பார்: "இதை ஏன் அப்பவே எங்களுக்குக் காட்டேல்லை?" நியாயமான கேள்வி. ஒளித்து வைத்திருந்த படம், உண்மையானதாக இருந்தாலும், பொறி வைத்தது போலத்தான் தோன்றும். அதற்குப் பிறகு பேச்சு சுவரைப் பற்றி இருக்காது, ஆளைப் பற்றிப் போய்விடும்.

ஆனால் திறப்பு வாங்குகிற நாளில் வீட்டுக்காரர் முன்னிலையில் போனைத் தூக்குவது எங்கள் ஆட்களுக்குக் கூச்சம். அதிலும் கொழும்பில் வீடு கிடைக்கிற விதம் அப்படி. வீட்டின் சொந்தக்காரர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பார். திறப்பு அவருடைய மாமாவிடமோ, ஒன்றுவிட்ட அக்காவிடமோ இருக்கும். புரோக்கர் மூலம் வந்தாலும், பேசிப் பார்த்தால் ஊர்ப்பக்கத்தில் எங்கேயோ ஒரு சொந்தம் முட்டும். "நீங்கள் இன்னாருடைய பெறாமகனோ?" என்று தொடங்கிவிட்ட பிறகு சுவரைப் படம் பிடித்தால் அவமரியாதை மாதிரி இருக்கும். இப்போது நான் இருக்கிற வீட்டின் சொந்தக்காரர் ரொறன்ரோவில் இருக்கிற ஒரு அண்ணை. அங்கே வந்த நாளில், திறப்பு வைத்திருந்த மாமா சோபாவில் இருந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, மூலை மூலையாய்ப் படம் எடுக்கிறீர்? எங்களில நம்பிக்கை இல்லையோ?"

"அப்பிடி இல்லை மாமா. அண்ணைக்கு அனுப்பத்தான் எடுக்கிறன். அவர் இந்த வீட்டைக் கண்டு எவ்வளவு காலம்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கொரோனாவுக்கு முதல் வந்தவன்." பிறகு எழும்பி வந்து பல்கனிக் கதவைத் திறந்தார். "அப்ப இந்தக் கம்பியையும் வடிவாய் எடும். கறள் பிடிச்சுக் கொட்டுண்ணுது எண்டு நான் சொன்னால் அவன் நம்பிறானில்லை."

அதற்குப் பிறகு அவர்தான் எனக்கு வழிகாட்டி. பன்ட்ரிக்குள்ளே எந்தக் கபட்டின் பிணைச்சல் ஆடுகிறது, முன்பிருந்தவர்கள் எந்த ரைலில் ஆணி அடித்தார்கள், எந்தச் சுவிட்ச் எப்போதும் உறுமும், எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்கும் அது ஒரு ஆறுதல். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறவருக்கும் இங்கே வீட்டைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் நடுவில் ஒரு நெடுநாள் மனக்கசப்பு எல்லாக் குடும்பத்திலும் உண்டு. "நீங்கள் ஒழுங்காகப் பார்க்கவில்லை" என்று பழி கேட்கிறவர் இந்த மாமாதான். அவருக்குச் சாட்சி வேண்டும். எனக்கும் வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே படம் போதும்.

ஆகவே யாராவது என்னிடம் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்: 'எனக்காக எடுக்கிறேன்' என்று சொல்லாதீர்கள், 'உங்களுக்கு அனுப்புகிறேன்' என்று சொல்லுங்கள். சொன்னபடி அனுப்பியும் விடுங்கள்.

இனி வீட்டுக்கு வருவோம். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளில் ஒரு வீடு எப்படிப் பழுதாகும் என்பது தனிக் கதை. கடல் காற்றில் வருகிற உப்பு இரும்பில் படிந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். யன்னல் கம்பி, கேற், பிணைச்சல் எல்லாம் கறள் கட்டும். அலுமினிய யன்னல் கறள் பிடிக்காது, ஆனால் வெள்ளைப் புள்ளி புள்ளியாக அரித்து, ஓடுபாதையில் இறுகிப்போய் இழுக்க வராது. ஏசியின் வெளி அலகில் இருக்கும் மெல்லிய தகடுகள் தொட்டாலே பொடியாகும். உப்பு கொங்கிறீற்றுக்குள் இறங்கி உள்ளே இருக்கும் கம்பியை எட்டினால், கம்பி கறள் பிடித்துப் பருத்து, மேலே இருக்கும் கொங்கிறீற்றை உடைத்துத் தள்ளும். பழைய தொடர்மாடிகளின் பல்கனிக் கூரையில் அப்படி உதிர்ந்த இடங்களைப் பார்த்திருப்பீர்கள். இதில் எதையும் குடியிருப்பவர் செய்யவில்லை. கடல் செய்தது.

எங்கள் வாடகைச் சட்டத்துக்கு அடியில் கிடப்பது உரோமன்-டச்சுச் சட்டம். ஒழுங்காகப் பாவித்ததால் வந்த இயல்பான தேய்மானத்துக்குக் குடியிருந்தவர் பொறுப்பில்லை என்பது அதில் நெடுநாளாக நிற்கும் நிலைப்பாடு. ஆனால் எது தேய்மானம், எது கவனமின்மை என்பதைச் சட்டப் புத்தகம் வந்து பிரித்துத் தராது. மெல்ல மெல்ல மங்கிய பெயின்ற் தேய்மானம். அலுமாரி இழுத்ததில் தரையில் விழுந்த கீறல் தேய்மானம் இல்லை. குசினிச் சுவரில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு? எங்கள் சமையலுக்கு அது தேய்மானம்தான் என்று நான் வாதாடுவேன், ஆனால் எல்லா வீட்டுக்காரரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இப்படி நடுவில் நிற்கிற விஷயங்களுக்குத்தான் தொடக்க நிலையைக் காட்டுகிற படம் தேவை.

காலநிலையில் இன்னொரு விளையாட்டும் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் கொழும்பு காய்ந்து கிடக்கும். அந்த நேரத்தில் வீடு பார்க்கப் போனால் சுவரெல்லாம் நல்லபிள்ளை. புதிதாக வெள்ளை அடித்து வேறு வைத்திருப்பார்கள். மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கி மழை பக்கவாட்டாக அடிக்கும்போதுதான் பின் அறை யன்னலுக்குக் கீழே சுவர் ஊறும், பெயின்ற் கொப்பளிக்கும், அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பச்சையும் கறுப்புமாகப் பூக்கும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை மிச்சத்தைக் காட்டும். ஆகவே முதல் நாள் படம் மட்டும் போதாது. அந்தப் படத்தில் சுவர் சுத்தமாக இருப்பதே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்! முதல் பெருமழை பெய்த அன்றே, தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே, வீடியோ எடுத்து அனுப்பவேண்டும். யன்னல் பூட்டியிருக்கிறது என்பது தெரிய வேண்டும், வெளியே மழை பெய்கிற சத்தம் கேட்க வேண்டும். மழை விட்டபின் எடுத்தால், யன்னலைத் திறந்து விட்டுவிட்டுப் போனீர்கள் என்பார்கள்.

கறை வளர்கிறதா இல்லையா என்று பார்க்க, எங்கள் கள ஆட்கள் செய்கிற ஒரு வேலை உண்டு. ஈரக் கறையின் விளிம்பில் சின்னத் துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, அதில் திகதி எழுதிப் படம் எடுப்பார்கள். ஒரு மாதம் கழித்து அதே இடம். கறை டேப்பைத் தாண்டியிருந்தால் கசிவு தொடர்கிறது. தொடர்மாடியில் பாத்ரூம் சீலிங்கில் வருகிற கறைக்கு இது மிகவும் உதவும். அது பெரும்பாலும் மேல்மாடி வீட்டுக் குழாயிலிருந்து வருவது. அங்கே உங்களுக்கும் பொறுப்பில்லை, உங்கள் வீட்டுக்காரருக்கும் பொறுப்பில்லை. திகதி போட்ட படம் இருந்தால் அவர் அதை மேல்வீட்டுக்காரரிடமோ தொடர்மாடி நிர்வாகத்திடமோ கொண்டுபோய்ப் பேசலாம். படம் இல்லாவிட்டால் அந்தக் கறை யார் தலையில் விழும் என்று சொல்லத் தேவையில்லை.

படம் எடுக்கும் முறைக்கு வருகிறேன். முதலில் கமராக் கண்ணாடியைச் சட்டையிலாவது துடையுங்கள். சிரிக்காதீர்கள், என் மேசைக்கு வருகிற படங்களில் பாதி விரல் எண்ணெயால் மங்கியவை. பகல் வெளிச்சத்தில் எல்லா யன்னலையும் திறந்து வைத்து எடுங்கள். வாசல் கதவில் வீட்டு இலக்கம் தெரிகிற ஒரு படம் எடுத்துவிட்டு உள்ளே போனால், பின்னால் வருகிற படமெல்லாம் எந்த வீட்டினது என்ற சந்தேகம் எழாது. ஒவ்வொரு அறையிலும் கதவடியில் நின்று முழு அறையையும், எதிர் மூலையில் நின்று மறுபடியும் எடுக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் சேதங்கள். ஒரு வெடிப்பை மட்டும் கிட்டத்தில் எடுத்த படத்தைப் பார்த்தால் அது எந்தச் சுவர் என்று எடுத்தவருக்கே ஆறு மாதத்தில் மறந்துபோகும். அதனால் தூரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கிட்ட ஒன்று. கிட்டப் படத்தில் ஒரு பத்து ரூபாக் குற்றியைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டால் அளவு தெரியும். 0.5 என்று போடுகிற அகலக் கண்ணாடி அறையைப் பெரிதாகக் காட்டும், ஆனால் ஓரங்களை வளைத்துவிடும். நேரான கதவு நிலை சாய்ந்தது போலத் தெரியும். பாத்ரூம் மாதிரிச் சின்ன இடத்துக்கு மட்டும் அதைப் பாவிக்கலாம்.

சுவரைப் பார்க்க நேர் வெளிச்சம் உதவாது. டோர்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சம் சுவர் வழியே படுத்துக்கொண்டு போகிற மாதிரிப் பிடித்துப் பாருங்கள். மேலே பூசி மறைத்த வெடிப்பு, கொப்பளித்துக் காய்ந்த பெயின்ற், பட்டி பூசின ஆணித் துளை எல்லாம் நிழல் விழுத்தி எழும்பி வரும். ஒருவர் டோர்ச் பிடிக்க மற்றவர் படம் எடுக்கலாம். எங்கள் வீட்டில் டோர்ச் பிடித்தவர் மாமாதான். வரவேற்பறைச் சுவரில் பழைய ஏசி இருந்த இடத்தை நீள்சதுரமாகப் பூசி அடைத்திருந்தது அப்படித்தான் தெரிய வந்தது. "அட, இதை எனக்கே சொல்லேல்லை" என்றார்.

பிறகு, எல்லாரும் விட்டுவிடுகிற இடங்கள். சிங்க்குக்குக் கீழே இருக்கிற கபட்டுக்குள் தலையை விட்டுப் பாருங்கள். பலகை உப்பியிருந்தால் பைப் முன்பே கசிந்திருக்கிறது. பாத்ரூம் கதவின் அடி விளிம்பு. கொமட்டின் அடியைச் சுற்றி இருக்கும் சீமெந்து. அலுமாரியின் பின்பக்கம். யன்னல் ஓடுபாதை. மெத்தை தருகிறார்கள் என்றால் அதன் இரண்டு பக்கமும். ஏசி, பிரிட்ஜ், கீசர், வோஷிங் மெஷினில் ஒட்டியிருக்கும் தொடரிலக்கம் தெரிகிற மாதிரி ஒவ்வொரு படம். பழைய கீசரைப் புதிது என்று சொல்லிப் பிறகு விலை கேட்ட ஒருவரை எனக்குத் தெரியும்; அந்த இலக்கம் இருந்திருந்தால் பேச்சே வந்திருக்காது.

அசைகிறதெல்லாம் வீடியோவில்தான். பைப்பைத் திறந்து தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது, சிங்க்கில் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது, கொமட் தண்ணீர் இழுக்கிறதா, பான் சத்தம் போடுகிறதா, ஏசி குளிர்கிறதா, கதவு பூட்டுப் படுகிறதா. வீடியோவில் பேசிக்கொண்டே போங்கள்: "இது இரண்டாவது படுக்கையறை, யன்னலின் இடது கதவு இழுக்க வரவில்லை." தமிழில் பேசலாம், ஒரு குறையும் இல்லை. மெதுவாக நடக்கவேண்டும், அவ்வளவுதான். கல்யாண வீட்டு வீடியோக்காரர் மாதிரிச் சுழற்றினால் பார்க்கிறவருக்குத் தலை சுற்றுமே தவிர ஒன்றும் தெரியாது.

மின்சார மீற்றரும் தண்ணீர் மீற்றரும் தனியாகச் சொல்லவேண்டியவை. மீற்றர் இலக்கமும் ஓடியிருக்கும் அலகும் ஒரே படத்தில் விழவேண்டும். மின்சாரக் கட்டணம் அலகு கூடக்கூட விலையும் ஏறுகிற படிமுறையில் போவதால், முன்பிருந்தவர் மாத நடுவில் போயிருந்தால் அவர் பாவித்ததும் நீங்கள் பாவித்ததும் ஒரே பில்லில் சேர்ந்து உங்களை மேல்படிக்கு ஏற்றிவிடும். தொடர்மாடிகளில் மீற்றர்கள் கீழ்த்தளத்தில் வரிசையாக இருக்கும். எது உங்களுடையது என்று ஒருமுறை மெயின் சுவிட்சை நிறுத்திப் பார்த்து உறுதிப்படுத்துங்கள். கடைசி பில்லில் நிலுவை இருக்கிறதா என்று கேட்டு அதையும் படம் எடுத்துவிடுங்கள்.

எடுக்கக் கூடாததும் உண்டு. முன்பிருப்பவர் இன்னும் சாமான் கட்டிக்கொண்டிருந்தால் அவருடைய கட்டில், சாமி அறை, பிள்ளைகளின் படங்கள் எதுவும் விழக் கூடாது. வீடு வெறுமையான பிறகு வந்து எடுப்பதுதான் மரியாதை. வெறுமையான வீடு உண்மையையும் கூடச் சொல்லும்.

இப்போது படங்கள் போனில் இருக்கின்றன. இவற்றை எப்படி அனுப்புவது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். போனில் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த திகதி, நேரம், போனின் வகை, அனுமதி கொடுத்திருந்தால் இடம் என்று சில தரவுகள் கூடவே பதியும். எக்ஸிஃப் என்பார்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படத்தை அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி, இந்தத் தரவையும் கழற்றிவிட்டுத்தான் அனுப்பும். 2023 இல் வந்த எச்டி தெரிவும் மூலப் படத்தை அப்படியே கொண்டுபோவதில்லை. அதே வட்ஸ்அப்பில் 'டொக்கியுமென்ற்' என்று தெரிந்து அனுப்பினால் கோப்பு எடுத்தபடியே போய்ச் சேரும். 2 ஜிபி வரை இடம் உண்டு. ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்புவது எல்லாவற்றிலும் மோசம். அதில் இருப்பது ஸ்கிரீன்ஷொட் எடுத்த நேரம்.

வீடியோ கொஞ்சம் பாரம். ஒரு ஐபோனில் 1080பி தரத்தில் நிமிடத்துக்கு 60 முதல் 130 எம்பி வரை போகும். 4கே என்றால் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். சுவரைப் பார்க்க 4கே தேவையே இல்லை. ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைக்க முடியாது என்பதால் வீடியோவை கூகிள் டிரைவில் ஏற்றி இணைப்பை அனுப்பவேண்டிவரும். இலவசமாகத் தருகிற 15 ஜிபிக்குள்ளேதான் மின்னஞ்சல், படங்கள் எல்லாம். அண்ட்ரொயிட் போன்களில் வட்ஸ்அப் காப்புப் பிரதியும் 2024 முதல் அதற்குள்தான். இடம் இருக்கிறதா என்று முதலிலே பார்த்துக்கொள்ளுங்கள்.

படத்தின் மேலேயே திகதியும் இடமும் அச்சடிக்கிற செயலிகள் இருக்கின்றன. எங்கள் கள ஆட்கள் பாவிக்கிறார்கள், பார்க்க வசதி. ஆனால் அது காட்டுவது போனின் கடிகாரத்தை. போன் கடிகாரத்தை மாற்றலாம், எக்ஸிஃப் தரவையும் மாற்றலாம். கணினி தெரிந்த எந்தப் பெடியனும் அஞ்சு நிமிடத்தில் செய்வான். யாரும் இலகுவில் மாற்ற முடியாதது, மாமாவின் போனிலும் ரொறன்ரோ அண்ணையின் போனிலும் என் போனிலும் ஒரே நேரத்தில் விழுந்த செய்திதான். அதற்காகவே மூன்று பேரையும் சேர்த்து ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கினோம். படங்களை அனுப்பிவிட்டு அதற்குக் கீழே நாலு வரி: எந்த அறையில் என்ன குறை, மீற்றரில் எத்தனை அலகு, எத்தனை திறப்பு தந்தார்கள். "பார்த்தேன், சரி" என்று அண்ணை அடுத்த நாள் பதில் போட்டார். எனக்கு அந்த ஒற்றைச் 'சரி' எல்லாப் படத்தையும்விடப் பெறுமதியானது. ஒன்று கவனியுங்கள்: குழுவில் மறையும் செய்திகள் என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் தொண்ணூறு நாளில் எல்லாம் காணாமல் போகும். அதை நிறுத்திவைக்க வேண்டும். மின்னஞ்சலிலும் ஒரு பிரதி போட்டுவிட்டால், போனைத் தொலைத்தாலும் மாற்றினாலும் பயமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், சாட்சிகளோடு கைச்சாத்திட்டால்தான் செல்லும். பிரித்தானியர் காலத்துச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. அப்படி எழுதுகிற உறுதியின் கடைசியில் வீட்டிலுள்ள பொருட்களின் அட்டவணை ஒன்று வரும்: பான் 4, ஏசி 2, திரைச்சீலைக் கம்பி 6 என்று. எண்ணிக்கை மட்டும் இருக்கும், நிலைமை இருக்காது. 'ஏசி 2' என்றால் ஓடுகிற ஏசியா, நிற்கிற ஏசியா? அந்த அட்டவணையோடு முக்கியமான சில படங்களை அச்சடித்து இரு தரப்பும் கைச்சாத்து வைத்து இணைக்கச் சொல்லி உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள். அதிகம் செலவில்லாத வேலை.

நீதிமன்றம் வரை போனால், 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டம் இருக்கிறது. ஒலி, ஒளிப் பதிவுகளையும் கணினிச் சாட்சியத்தையும் ஏற்க வழி செய்த சட்டம் அது. பதிவு மாற்றப்படவில்லை, கருவி ஒழுங்காக இயங்கியது என்று காட்டவேண்டும். விசாரணைத் திகதிக்கு 45 நாளுக்கு முன்னராவது மற்றத் தரப்புக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும். மூலக் கோப்பை அழிக்காமல், வெட்டி ஒட்டி அழகுபடுத்தாமல் வைத்திருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ஆனால் அட்வான்ஸ் காசுக்காக அளுத்கடை நீதிமன்றங்களுக்கு அலைகிறவர்களைக் காண்பது அரிது. மத்தியஸ்த சபையோடு முடிகிறது, அல்லது இரண்டு குடும்பத்துக்கும் தெரிந்த ஒருவர் நடுவில் இருந்து பேசி முடிக்கிறார். அந்த இடத்தில் சட்டப் பிரிவு எதுவும் தேவைப்படாது. போனை நீட்டிக் காட்டினால் போதும்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அப்பா ஒருநாள் சொன்னார், "எங்கட காலத்தில வீட்டைப் பதியேல்லை, எங்களைத்தான் பதிஞ்சவங்கள்." யுத்த காலத்தில் கொழும்பில் வாடகைக்கு இருந்த தமிழர்கள் பொலிஸில் பதிந்த துண்டை எப்போதும் கைக்கெட்டிய இடத்தில் வைத்திருந்தார்கள். இரவில் கதவு தட்டப்பட்டால் முதலில் எடுப்பது அதைத்தான். 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களில் இருந்த தமிழர்களை பஸ்களில் ஏற்றி நகரை விட்டு அனுப்பியதும், உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டதும் அந்தக் காலத்தில்தான். அப்பாவின் பைலில் அந்தத் துண்டுகள் இன்னும் இருக்கின்றன, பழைய வாடகைப் பற்றுச்சீட்டுகளோடு ஒழுங்காகக் கட்டி. எதையும் எறியாமல் வைத்திருக்கிற பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தனியாக யோசிக்கத் தேவையில்லை.

வெளியேறும் நாளுக்கு வருகிறேன். முந்திய வீட்டிலிருந்து கிளம்பியபோது, வந்த நாள் படங்களைப் போனில் ஒவ்வொன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு, அதே கதவடியில், அதே மூலையில் நின்று அதே மாதிரி மறுபடி எடுத்தேன். அதே இடம், அதே கோணம் என்றால் யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை, இரண்டையும் பக்கத்தில் வைத்தால் போதும். சாமான் ஏற்றி, கூட்டித் துடைத்த பிறகு, வீட்டுக்காரரின் ஆள் கூட நிற்கும்போதே எடுக்கவேண்டும். அவர் வராவிட்டால் வட்ஸ்அப்பில் அழைத்துக் காட்டிக்கொண்டு எடுக்கலாம். மீற்றர்கள் மறுபடி. கடைசியாகத் திறப்புகளை மேசையில் பரப்பி ஒரு படம், அவற்றை வாங்கியவரின் கையோடு இன்னொன்று.

அந்த வீட்டுக்காரர் அன்ரி கண்டிப்பானவர். ஏசிக்குக் கீழே இருந்த கறைக்குக் காசு வெட்டத் தயாராகத்தான் வந்திருந்தார். பழைய படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார், சிறிதாக்கிப் பார்த்தார். "ஓம், இது அப்பவே இருந்திருக்கு" என்றார். ஆனால் விடவில்லை. படத்தில் கறை யன்னல் நிலை வரைதான், இப்போது ஒரு சாண் கீழே இறங்கியிருக்கிறது என்று காட்டினார். உண்மைதான். ஏசி சேவிஸ் செய்வது ஒப்பந்தப்படி என் பொறுப்பு, அதற்கான பற்றுச்சீட்டுகளையும் படமாக வைத்திருந்தேன், அதையும் காட்டினேன். கடைசியில் பெயின்ற் செலவில் பாதி என்று முடிந்தது. அவர் கேட்க நினைத்ததைவிட எவ்வளவோ குறைவு. நான் கொடுக்க நினைத்ததைவிடக் கொஞ்சம் கூட. சத்தம் போடாமல், தேத்தண்ணி குடித்துக்கொண்டே முடிந்தது. படம் இரண்டு பக்கமும் வெட்டும் என்பதை எடுக்கிறவர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இப்போதைய வீட்டு மாமா போன வாரம் போன் எடுத்தார். அதே தொடர்மாடியில் அண்ணைக்கு இன்னொரு வீடும் இருக்கிறதாம். அதற்குப் புதிதாக ஒரு குடும்பம் வருகிறது, நான் வந்து எல்லாம் படம் எடுத்துத் தர வேண்டுமாம். சனிக்கிழமை போய் எடுத்து, எல்லாவற்றையும் டொக்கியுமென்றாகக் குழுவில் போட்டேன். பின்னேரம் மறுபடி அழைப்பு.

"தம்பி, என்ர போன்ல இடமில்லை எண்டு காட்டுது. பேரப்பிள்ளையின்ர வீடியோவை அழிக்கவோ, உங்கட சுவரை அழிக்கவோ?"

இரண்டையும் அழிக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வந்து மெமரி கார்ட் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.